வெயிலில் சூடாக்க வைத்த பைகள்

என் சித்தியைத் தெருவில் எல்லோரும் ஊசி அக்கா என்பார்கள். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. ஆள் ஒல்லி, கையில் எப்போதும் ஊசி, வாயைத் திறந்தால் குத்தல். இந்த மூன்றில் எதற்காக அந்தப் பெயர் வந்தது என்று கேட்டால் தெருவுக்கே தெரியாது. அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்திவிட்டன என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு அவள் செய்துகொள்ளும் வைத்தியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதி எதுவும் புரியாது. தொப்புளுக்குப் பக்கத்தில் பேனா தடிமனில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாக இரண்டு லிட்டர் மருந்துத் திரவத்தை வயிற்றுக்குள் விட வேண்டும். சில மணி நேரம் உள்ளே இருந்து, இரத்தத்திலுள்ள அழுக்கையும் உடம்பில் தேங்கும் நீரையும் அது வாங்கிக்கொள்ளும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதுப் பை. காலை, மதியம், சாயங்காலம், படுக்கப் போகும்முன் என்று தினமும் நான்கு தடவை. மருத்துவமனைக்குப் போய் மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரி படுத்துக் கிடக்க வேண்டாம் என்பது இதில் லாபம். எங்கே போனாலும் தலையணை மாதிரி கனக்கும் பைகள் கூடவே வர வேண்டும் என்பது நஷ்டம்.

போன மழைக்காலத்தில் ஓர் அவசர ஆர்டருக்காக அடுத்தடுத்து இரண்டு பைகளைத் தள்ளிப்போட்டாள். நீர் நுரையீரலுக்கு ஏறிவிட்டது. படுக்க முடியாமல் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தாள். "தரையில உக்காந்துக்கிட்டே தண்ணிக்குள்ள முங்குற மாதிரி இருந்துச்சு" என்று பிறகு சொன்னாள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டு வைத்தியம் முடிந்தது, வாரத்துக்கு மூன்று நாள் மெஷின்தான். அப்படியானால் பட்டறை இல்லை, பயணம் இல்லை. சித்தி பதில் பேசாமல் கேட்டுக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் அது என்று சித்தப்பா சொல்வார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பேசாமல் இருப்பது என்றால் என்ன என்று வேனில் அவருக்கும் தெரியாது.

சாய்வு சைக்கிள் அவளிடம் வந்தது ஒரு வாடிக்கையாளரால். ஊர் ஊராகச் சைக்கிளில் சுற்றுகிற ஒருவர் தன் வண்டிக்குப் பைகள் தைக்கச் சொல்லிக் கொண்டுவந்தார். உட்காரும் இடம் சாய்வு நாற்காலி மாதிரி. கால்களை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். அளவெடுக்க அதில் உட்கார்ந்த சித்தி எழுந்திருக்கவில்லை. சாதாரண சைக்கிளில் குனிந்தால் வயிற்றிலிருக்கிற இரண்டு லிட்டரும் நெஞ்சை முட்டும். இதில் வயிறு விரிந்து, குழாய் மடங்காமல் இருந்தது. "நீங்க புது வண்டி வாங்குறப்ப இத எனக்குத்தான் தரணும்" என்று அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே சொன்னாள். அவரும் ஒரு வருஷம் கழித்து அப்படியே செய்தார்.

அந்த வண்டிக்கு அவள் தைத்த பைகளைப் பார்த்தால் அவள் எப்படி யோசிக்கிறவள் என்று புரியும். சாய்வு சைக்கிளில் முதுகில் பை மாட்ட முடியாது, முதுகு இருக்கையில் இருக்கிறது. ஹாண்டில்பாரில் தொங்கவிட முடியாது, கால் இடிக்கும். அதனால் கனமானது எல்லாம் இருக்கைக்கு அடியில், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், தரையை ஒட்டி. பையின் முன்பக்கத்தைச் சரித்து ஒடுக்கியிருந்தாள். வளைவில் திரும்பும்போது குதிகால் உரசக்கூடாது, உரசிக் கால் கீழே நழுவினால் ஓடுகிற வண்டியின் அடியில் போய்விடும். பின்னால் கேரியரில் இலேசான சாமான் மட்டும்: துணி, தூங்கும் பை, கூடாரம். "கனம் கீழ, காத்து மேல" என்று சித்தப்பாவுக்கு ஒரு பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தாள்.

மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவள் சொன்னபோது வீட்டில் பெரிய சண்டை. என் அம்மா அவளுக்கு அக்கா. அம்மா கேட்டாள், "படுத்துக்கிட்டே போகணும்னா ஆம்புலன்ஸ் இல்லையாடி?"

"ஆம்புலன்ஸ்ல ஜன்னல் தெரியாதுக்கா."

"அந்தப் பக்கம் அப்படி என்னதான் இருக்கு?"

"அதான் எனக்கும் தெரியல. நான் தைச்ச தார்ப்பாய் எல்லாம் அந்த மலைய எத்தன தடவ தாண்டியிருக்கு. தைச்சவ ஒரு தடவகூடத் தாண்டல."

கடைசியில் டயாலிசிஸ் நர்ஸ்தான் வழி சொன்னாள். பைகளை அனுப்பும் கம்பெனி எந்த ஊருக்குச் சொன்னாலும் பெட்டியை அனுப்பிவிடுமாம். மலையின் அந்தப் பக்க அடிவாரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு ஒரு பெட்டி போய்ச் சேர்ந்தது. இந்தப் பக்கம் தங்கும் விடுதிக்கு இன்னொன்று. நடுவில் மலை மட்டும். முதல் நாள் ஏறி உச்சியில் கூடாரம், மறுநாள் காலையில் இறக்கம். அதற்கு நான்கு பைகள், கைக்காவலுக்கு ஒன்று, ஆக ஐந்து. சித்தப்பா தன் கியர் சைக்கிளில் கூட வருவார்.

அந்த மலைப் பாதையில் வண்டிகள் ஓடாத காலம் அது. மழையில் ஒரு பாலம் இடிந்து, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும் பலகை போட்டிருந்தார்கள். லாரி இடிக்காது என்று நம்பித்தான் அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். லாரி உதவிக்கும் வராது என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

விடுதியில் காலைப் பையை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். பாலத்துப் பலகையில் வண்டியை உருட்டினார்கள். ஏற்றம் ஆரம்பித்தது. சாய்வு சைக்கிளில் ஏற்றம் பொறுமைக்கு வைத்த பரீட்சை. சாதாரண சைக்கிள் என்றால் எழுந்து நின்று, முன்னால் சாய்ந்து, முழு உடம்பையும் போட்டு மிதிக்கலாம். இதில் உடம்பும் ஒரு மூட்டைதான். வைத்த இடத்தில் கிடக்கும். கால் மட்டும் உழைக்கும்.

மேலே போகப்போகக் காற்று குளிர்ந்தது. திரவம் சில்லென்று உள்ளே போனால் வயிறு முறுக்கும், வலி தோள்பட்டைவரை ஏறும். வீட்டில் பையைச் சூடாக்க ஒரு மின்சார மெத்தை உண்டு. மலையில் கரண்டுக்கு எங்கே போவது? சித்திக்கு ஒரு யோசனை வந்தது. கறுப்புத் தார்ப்பாய் வெயிலில் எப்படிக் காயும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அடியிலிருந்து மூன்று பைகளை எடுத்தாள். கேரியரில் கூடாரத்துக்கு மேல் அடுக்கினாள். கறுப்புத் தார்ப்பாய்த் துண்டைப் போர்த்தி இழுத்துக் கட்டினாள்.

"மதியத்துக்குள்ள வெதுவெதுன்னு ஆயிடும் பாருங்க."

"மூள இருக்கு உனக்கு" என்றார் சித்தப்பா. அவர் அதை இப்போதும் மாற்றிச் சொல்வதில்லை. இரண்டு பேரும் சூட்டைப் பற்றி யோசித்தார்கள். கனத்தைப் பற்றி யோசிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கத் தார்ப்பாயோடு பழகியவளுக்கு மட்டுமே அந்தத் தப்பு வரும்.

கனம் மேலேயும் பின்னாலேயும் போனதும் முன்சக்கரம் இலேசாகிவிட்டது. தார் ரோட்டில் அது தெரியவில்லை. ஹாண்டில் கொஞ்சம் ஆடுகிறதே என்று நினைத்தாள், களைப்பு என்று விட்டுவிட்டாள். செங்குத்தாக ஒரு வளைவு வந்தது. அங்கே தார் பெயர்ந்து வெறும் ஜல்லி. ஒரு அழுத்து அழுத்தினாள். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. கீழே வந்தபோது குறுக்காக வந்தது. வண்டி பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்தது. அந்த ஓரத்தில் நட்டு வைத்த எல்லைக்கல் வரிசைதான் அவளை நிறுத்தியது. கேரியர் உச்சி அதில் ஒன்றின் முனையில் போய் மோதியது.

சித்தப்பா தன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். அவளுடைய முழங்கை சிராய்த்து இரத்தம் வந்தது. அவர் கையைப் பிடித்தார்.

"கைய விடுங்க. குழாயப் பாருங்க."

சட்டையைத் தூக்கிப் பார்த்தார். குழாய் பட்டையோடு ஒட்டியபடி இருந்த இடத்தில் இருந்தது. சிவப்பு இல்லை, ஈரம் இல்லை.

"சரியா இருக்கும்மா."

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப பின்னாடி பாருங்க. ஏதோ சொட்டுது."

தார்ப்பாயின் ஓரத்திலிருந்து நீர் கோடாக வழிந்துகொண்டிருந்தது. "தண்ணி பாட்டில் உடைஞ்சிருக்கும்" என்றார் அவர். அவள் படுத்த நிலையிலேயே கையை நீட்டி ஒரு துளியை விரலில் வாங்கினாள். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். பிசுபிசுத்தது. அந்தத் திரவத்தில் சர்க்கரை உண்டு.

விரலை மட்டும் அவர் பக்கம் நீட்டினாள்.

கட்டை அவிழ்த்துப் பார்த்தார்கள். ஒரு பை வாய் பிளந்து காலியாகியிருந்தது. இன்னொன்றை அழுத்தினால் ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பீய்ச்சியது. மூன்றாவதின் வெளிக்கவர் கிழிந்திருந்தது. உள்ளே பை காய்ந்து, முழுதாக, வெதுவெதுப்பாக இருந்தது. மேலே எடுத்து வைக்காமல் அடியில் விட்ட இரண்டு மட்டும் பழுதில்லை.

கணக்கு சின்னதுதான். மதியத்துக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று. இரவுக்கும் மறுநாள் காலைக்கும் ஒன்றும் இல்லை. அடுத்தடுத்து இரண்டு. மழைக்காலத்தில் தவறியதும் அதே இரண்டுதான்.

"திரும்பிடலாம்" என்றார் சித்தப்பா.

"திரும்பி எங்க போறது? விடுதியில இருந்த பெட்டி காலி. வீட்டுக்கு பஸ் பிடிச்சா போய்ச் சேர விடிஞ்சிடும். கீழ அந்தப் பக்கம் பெட்டி இருக்கு."

"அது நாளைக்குப் போக வேண்டிய தூரம்மா."

"இன்னைக்கே போவோம். உச்சி வரைக்கும்தான் கஷ்டம். அப்புறம் இறக்கம்தானே."

"இறக்கம்தான் எனக்கு பயம்."

"எனக்கும்தான். ஏறலாம் வாங்க."

அடுத்த வளைவில் போனுக்கு ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. நர்ஸ் எடுத்தாள். சித்தி நடந்ததைச் சொன்னாள்.

"அக்கா, நல்லா கேளுங்க. அந்த மூணாவது பை, உள்ள காஞ்சுதானே இருக்கு, போட்டா என்னன்னு ராத்திரி தோணும். கண்ணுக்குத் தெரியாத கிருமி போதும், வயித்துக்குள்ள சீழ் பிடிச்சிடும். இப்பவே வெட்டிக் கொட்டிடுங்க. கையில இருந்தா ஆச வரும்."

"சரி."

"மருந்துக்கடைக்காரர் பொழுது சாஞ்சா ஷட்டர இறக்கிடுவாரு. நான் அவருக்கு ஃபோன் போடுறேன். அவரு சாப்பாட்டு நேரத்துல எடுக்க மாட்டாரு. எடுக்குற வரைக்கும் போட்டுக்கிட்டே..."

சிக்னல் போய்விட்டது. கடைக்காரர் எடுத்தாரா இல்லையா என்று அங்கே போய்ச் சேரும்வரை அவர்களுக்குத் தெரியவே இல்லை.

சித்தி பையிலிருந்து கத்தரியை எடுத்தாள். மூன்றாவது பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அது இன்னும் சூடாக இருந்தது என்று என்னிடம் சொன்னாள். பிறகு மூலையை வெட்டி ஓரத்துப் புல்லில் கொட்டினாள். சித்தப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு சாமான்களைக் கழித்தார்கள். அடுப்பு, பாத்திரம், தூங்கும் பைகள், மாற்றுத் துணி எல்லாம் ஒரு பாறைக்குப் பின்னால் தார்ப்பாயில் சுற்றி வைத்தார்கள். கூடாரத்தை மட்டும் விடவில்லை, காற்றில் தூசி பறக்கிற இடத்தில் குழாயைத் திறக்க முடியாது. ஜிப்பை மூடிய கூடாரம்தான் அவளுடைய சுத்தமான அறை. அது சித்தப்பாவின் கேரியருக்குப் போனது. இருந்த இரண்டு பைகளும் இருக்கைக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாக.

"கனம் கீழ" என்றார் சித்தப்பா.

"ஒண்ணும் பேசாதீங்க" என்றாள் சித்தி.

செங்குத்தான இடங்களில் அவர் தன் சைக்கிளை ஓரத்தில் சாய்த்துவிட்டு, அவளுடைய இருக்கையின் முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவார். வளைவு முடிந்ததும் கீழே ஓடிவந்து தன் சைக்கிளை எடுத்து வருவார். மலையை அவர் ஏறக்குறைய இரண்டு தடவை ஏறினார். நாக்கு வறண்டாலும் சித்தி வாயை நனைக்க மட்டும் தண்ணீர் குடித்தாள். குடிப்பதெல்லாம் உடம்பில்தான் தேங்கும்.

மதியப் பைக்காகக் கூடாரத்தை விரித்தார்கள். பை பனிக்கட்டி மாதிரி இருந்தது. சித்தப்பா ஒன்றும் கேட்காமல் அதை வாங்கித் தன் ஸ்வெட்டருக்குள் நுழைத்து, இரண்டு கைகளாலும் அணைத்தபடி உட்கார்ந்தார். அந்த நிலைமையிலும் சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எத்தனாவது மாசம்?"

"வாய மூடு. குளிருது."

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. கூடாரம் குள்ளம். வயிற்றிலிருந்து திரவம் வடிய வேண்டுமென்றால் உட்காருகிற இடம் உயரமாகவும் வடியும் பை கீழேயும் இருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்தால் இரண்டும் ஒரே மட்டம். நீர் நூல் மாதிரி வந்தது. வெளியே நிழல் நீண்டுகொண்டிருந்தது. பாதிக்கு மேல் வந்திருக்கும் என்று நினைத்து அவள் வடிகுழாயை மூடினாள். புது இரண்டு லிட்டரையும் உள்ளே விட்டாள். மீதிப் பழையது உள்ளேயே தங்கிவிட்டது.

உச்சியைத் தொட்டபோது அது தன் வேலையைக் காட்டியது. இருக்கையில் சாய்ந்தால் மூச்சு பாதியில் நின்றது. நிறைந்த வயிறு நெஞ்சை மேலே தள்ளியது. அவளுக்கு எப்போதும் சுகமாக இருந்த அதே சாய்வு இப்போது எதிரியாகிவிட்டது. அவள் தலையை இருக்கையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டே மிதித்தாள். சித்தப்பா அதைப் பின்னாலிருந்து கவனித்துவிட்டார்.

"கழுத்து வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப எதுக்குத் தலைய தூக்கி வெச்சிருக்க?"

அவர் சைக்கிளை நிறுத்தி முன்னால் வந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"மூச்சு வாங்குதா?"

"கொஞ்சம்."

"மழக்காலம் மாதிரியா?"

"அந்த அளவு இல்ல. வயித்துல அதிகமா ஏத்திட்டேன், அவ்வளவுதான்."

இங்கேயே நின்று சாயங்காலப் பையை மாற்றலாம். மறுபடியும் அதே குள்ளக் கூடாரம், அதே நூல் மாதிரி நீர். அதற்குள் கடை மூடிவிடும். கடை மூடினால் கையில் இருக்கிற கடைசிப் பையும் தீர்ந்த பிறகு ஒரு முழு இரவு. அவள் யோசித்தாள். சித்தப்பா வானத்தைப் பார்த்தார்.

"சீட்ட நிமுத்துங்க" என்றாள்.

இருக்கையின் முதுகை ஒரு பல் முன்னால் தள்ளி மாட்டும் வசதி அந்த வண்டியில் உண்டு. அவர் மாட்டினார். மூச்சு கொஞ்சம் விட்டது. ஆனால் இப்போது கை பிரேக் கைப்பிடிக்கு நேராக இல்லை. முழங்கையை மடக்கிக்கொண்டுதான் பிடிக்க வேண்டும்.

இறக்கம். ஜல்லி எங்கே வரும் என்று தெரியாது. கால்கள் முன்னால் நீட்டியிருப்பதால் விழுந்தால் முதலில் படுவது கால். சித்தப்பா முன்னால் போனார். ஜல்லி வந்தால் இடது கையைத் தூக்குவார், பள்ளம் வந்தால் வலது கை. வேனில் திரும்பும்போது கையைக் காட்டாத மனிதர் அன்றைக்குக் கையைக் கீழே இறக்கவே இல்லை. அவள் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தாள். தொடர்ந்து பிடித்தால் சக்கரத்து வளையம் சூடேறி டியூப் வெடிக்கும். விட்டுப் பிடிக்க விட்டுப் பிடிக்க விரல்கள் மரத்தன. ஒரு வளைவில் வலது கால் மிதியிலிருந்து நழுவியது. குதிகால் ரோட்டில் உரசிய சத்தம் அவளுக்குக் கேட்டது. கால் அடியில் இழுபடும் முன் தொடையைத் தூக்கினாள். எப்படித் தூக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பை ஒடுங்கியிருந்ததால் காலுக்கு இடம் இருந்தது. கால் மறுபடி மிதியைத் தேடிப் பிடித்தது.

"என்னாச்சு?" என்று முன்னாலிருந்து குரல்.

"ஒண்ணுமில்ல. பாத்துப் போங்க."

வெளிச்சம் சாம்பல் நிறமானபோது முதல் வீடுகள் தெரிந்தன. மருந்துக் கடை பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே. ஷட்டர் இடுப்புவரை இறங்கியிருந்தது. சித்தப்பா சைக்கிளோடு போய் அதன்மேலே மோதாத குறை.

ஷட்டருக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "மெதுவா. கதவு என்ன பண்ணுச்சு?"

"பெட்டி... ஒரு பெட்டி வந்திருக்கணும். டயாலிசிஸ்."

"நீங்கதானா அந்தப் பெட்டி? ஒரு பொண்ணு மத்தியானத்துலேருந்து என் உயிர வாங்குது. மூடாதீங்க மூடாதீங்கன்னு. பாதி மூடி வெச்சேன், அது பாதி மனசுக்கு. அட, படுத்துக்கிட்டு வர்றது யாரு?"

"என் சம்சாரம்."

"உடம்பு சரியில்லையா?"

"அதுக்குத்தான் பெட்டி."

கடைக்காரர் ஷட்டரை முழுசாகத் தூக்கினார். பின்னால் ஒரு சின்ன அறை, சரக்கு வைக்கிற இடம். ஜன்னலை மூடினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். உயரமான ஒரு ஸ்டூலில் சித்தி உட்கார்ந்தாள். பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு பையையும் அழுத்திப் பார்த்தார்கள். எல்லாம் முழுசு.

அப்போதுதான் புதுச் சிக்கல். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி நீட்டிப் பார்த்தாள். விரல்கள் தந்தி மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. பிரேக் பிடித்த கை. குழாயின் மூடியைத் திறந்து புதுப் பையை மாட்டுகிற அந்த நொடியில் நுனி எதன்மேலும் படக்கூடாது. பட்டால் கிருமி. இந்தக் கையால் முடியாது. மூச்சோ இழுத்துக்கொண்டே இருந்தது.

"நான் பண்ணட்டுமா?" என்றார் சித்தப்பா.

"உங்க கை?"

அவர் நீட்டிக் காட்டினார். அதுவும் ஆடியது. இரண்டு பேரும் நான்கு கைகளையும் பார்த்தபடி இருந்தார்கள். கடைக்காரர் முகக்கவசம் போட்டு வாசலில் நின்றார்.

"நான் மாட்டலாமா?" என்றார்.

"வேண்டாங்க. பழக்கம் இல்லாத கை" என்றாள் சித்தி. "ஒரு பாத்திரத்துல வெந்நி மட்டும் குடுங்க."

வெந்நீரில் கைகளை முக்கினாள். நிமிர்ந்து, வாயைக் குவித்து, ஒவ்வொரு மூச்சாக விட்டாள். வெளியே ஒரு பேருந்து வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவள் அவசரப்படவில்லை. அவசரப்பட்டதால்தானே கூடாரத்தில் பாதியிலேயே மூடினாள் என்று அப்போது நினைத்தாளாம். ஒரு கையைத் தூக்கிப் பார்த்தாள், ஆடியது. மறுபடி முக்கினாள். இரண்டாம் தடவையும் ஆடியது. மூன்றாம் தடவை தூக்கியபோது விரல்கள் நின்றன.

கையை மறுபடி கழுவித் துடைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூடியைத் திருகினாள், மாட்டினாள். எங்கேயும் படவில்லை.

ஸ்டூல் உயரம். தரையிலிருந்த வடிபைக்குள் நீர் இந்தத் தடவை கயிறு மாதிரி இறங்கியது. மதியம் விட்டது வந்தது, அதற்கு முன் தங்கியதும் வந்தது. பை பானை மாதிரி உப்பியது. கடைசியில் பார்க்க வேண்டியது ஒன்று பாக்கி. வடிந்த நீர் கலங்கியிருந்தால் உள்ளே கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். விழுந்தபோது குழாய் இழுபட்டிருக்கலாம், கூடாரத்தில் தூசி புகுந்திருக்கலாம். நர்ஸ் சொல்லிக் கொடுத்த சோதனை எளிமையானது: பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்து, எழுத்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைக்காரர் அன்றைய பேப்பரைக் கொடுத்தார். சித்தப்பா பையைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்தார். பின்னால் பேப்பரை விரித்தார். சித்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணைச் சுருக்கினார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அலுவலகத்திற்கு இருபது மர நாற்காலிகள் வழங்க ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன" என்று வாசித்தார்.

"சின்ன எழுத்து?"

"நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

"தெளிவா தெரியுதா?"

"கண்ணாடி போடாமலே தெரியுது."

உயரத்தில் தொங்கவிட்ட புதுப் பையிலிருந்து திரவம் இறங்கத் தொடங்கியது. கடைக்காரர் அந்தப் பையை முன்கூட்டியே தன் மேஜை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கியிருந்தார். அது முழுதும் உள்ளே போய்க் குழாயை மூடிய பிறகு, சித்தி ஸ்டூலிலிருந்து இறங்கிச் சுவரோரம் இருந்த அட்டைப் பெட்டிகளில் மெதுவாகச் சாய்ந்தாள். கொஞ்சம் சாய்ந்து நிறுத்தி மூச்சை இழுத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். தலை பெட்டியைத் தொட்டது. மூச்சு தடுக்கவில்லை.

"வருதா?" என்றார் சித்தப்பா.

"வருது" என்றாள்.